மெழுகில் ஏறாத பெயர்

நீங்கள் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இதைக் கேட்டுவிட்டு இதுவரை சிரிக்காதவர் ஒரே ஒருவர்தான், அவருக்கும் காது மந்தம். பேய், பிசாசு, ஆவி, குறளி எதையும் நான் நம்பியவன் இல்லை. காளிகாட்டில் குடியிருந்தபோது மயானத்தை ஒட்டின சந்து வழியாகத்தான் தினமும் வீட்டுக்கு வருவேன், ஒரு தடவைகூட நடையை எட்டிப் போட்டதில்லை. அதைவிட முக்கியம், எனக்குப் பாட்டு ஏறாது. கும்பகோணத்தில் பிறந்துவிட்டு இப்படிச் சொல்லக் கூடாதுதான், ஆனால் என் கல்யாணக் கச்சேரியிலேயே முன்வரிசையில் குறட்டை விட்டு மாமனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

கல்கத்தாவில் குதிரை டிராம் போய் மின்சார டிராம் வந்த புதிது. நான் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. பாட்டுப் பிடிக்கும் மிஷினோடு சீமையிலிருந்து ஒரு துரை வந்து இறங்கினார், எங்கள் கம்பெனிதான் அவருக்கு ஏஜென்ட். தர்மதலாவில் ஒரு வீட்டு மாடியை எடுத்து, ஜன்னலுக்கெல்லாம் கம்பளம் தொங்கவிட்டு, நடுவில் பெரிய தகரக் குழாயை நிறுத்தினார். பாடுகிறவள் அதன் வாயில் முகத்தை வைத்துப் பாட வேண்டும், மறுபக்கம் ஊசி மெழுகுத் தட்டில் கீறிக்கொண்டே போகும். குரல் மேலே போகும்போது முகத்தைப் பின்னால் இழுக்காவிட்டால் ஊசி துள்ளிவிடும், கீழே இறங்கும்போது முன்னால் தள்ளாவிட்டால் ஒன்றும் பதியாது. அதற்காக ஒரு ஆள் பின்னால் நின்று தோளில் கை வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று நிமிஷம் ஆகப்போகிறது என்றால் துரை விரலைத் தூக்குவார், ஆள் தோளில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், அவள் பாட்டை முடித்துத் தன் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் எதற்கு என்றால், மெழுகு கப்பலேறி ஜெர்மனிக்குப் போகும், அங்கேதான் பாட்டு பிளேட்டாக அடிப்பார்கள், அந்த ஊர்க்காரனுக்கு நம் பாஷை ஒரு எழுத்தும் தெரியாது. கடைசியில் கேட்கும் பெயரை வைத்துத்தான் இது யாருடையது என்று பார்த்துக்கொள்வான். பெயர் இல்லாத மெழுகைத் துரை அனுப்பவே மாட்டார், சுரண்டி வழவழப்பாக்கி வேறு ஆளுக்கு வைத்துவிடுவார்.

எனக்கு முன்னால் இந்தத் தோள் வேலையை ஒரு வங்காளி குமாஸ்தா பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் ரசிகர். நல்ல இடம் வந்தால் "ஆஹா!" என்று விடுவார், அதுவும் மெழுகில் ஏறிவிடும். ஆறு மெழுகு பாழான பிறகு, பாட்டு பிடிக்காத ஆள் யாராவது இருக்கிறானா என்று துரை கேட்டார். ஆபீஸே என் பக்கம் திரும்பியது.

வேலை என்னமோ சுலபம்தான், தோளில்தான் சங்கடம். வருகிறவர்கள் எல்லாம் மேடைக்காரிகளும், பாயி என்று அந்த ஊரில் சொல்லும் தாசிகளும், நானோ பூணூல் போட்டவன். சாயங்காலம் காளிகாட்டுக் கங்கையில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டுப்படி ஏறுவேன். என் மனைவி ஒரு நாள் கேட்டாள்:

"ஏன்னா, ஆபீஸ்ல பேனா பிடிக்கறேளா, நிலக்கரி சுமக்கறேளா? தினம் சொட்டச் சொட்ட வந்து நிக்கறேளே?"

உஷ்ணம் என்று சொல்லிவைத்தேன். அந்தக் குளியலுக்கு இன்றைக்கு வெட்கப்படுகிறேன், அது வேறு விஷயம்.

குந்தலா வந்தது ஒரு மத்தியானம். முப்பது வயதுகூட இருக்காது, எலும்பும் தோலுமாக இருந்தாள், மாடிப்படி ஏறியதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்பு நாடகத்தில் பாடியவளாம், காசம் வந்ததும் நாடகக் கம்பெனியில் கழித்துவிட்டார்களாம். துரை மெழுகைச் சூடு காட்டிக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டாள். அவள் பேசியது வங்காளம், நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

"பாபு, கடைசியில பேரு சொல்லணுமாமே. சொல்லாம விட்டா?"

"சுரண்டிடுவாங்க. ஆனா அப்படி ஆகாதும்மா. நான் தட்டினதும் நீங்க சொல்லுங்க, அவ்வளவுதான்."

"கண்டிப்பா தட்டுவீங்களா?"

"இதுவரைக்கும் நாற்பது மெழுகு பார்த்தாச்சு. ஒண்ணுலகூட தட்டாம விட்டதில்ல."

பெருமையாகச் சொன்னேன். அவள் அதற்குப் பிறகுதான் விஷயத்தை எடுத்தாள். அவளுக்கு ஒரு பெண், பத்து வயது. பவானிப்பூரில் ஒரு பெரிய வக்கீல் வீட்டில் வளர்கிறது. வக்கீலின் மகன்தான் குழந்தைக்குத் தகப்பன், அவன் செத்ததும் குழந்தையை இரண்டு வயதில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், தாய் இறந்துவிட்டாள் என்று சொல்லி வளர்க்கிறார்கள்.

"என் குரல் அவளுக்குத் தெரியாது. பேரு மட்டும் தெரியும், பால்காரி சொல்லிக் கொடுத்திருக்கா. அந்த வீட்டுல பாட்டு மிஷின் இருக்கு, வர்ற பிளேட்டு எல்லாம் வாங்கறாங்க. இந்தப் பேரு காதுல விழுந்தா போதும், புரிஞ்சுப்பா."

"வீட்டுப் பெரியவர் விடுவாரா?"

"பெரியவருக்கு நான் வெறும் 'அவ'தான் பாபு. பேரு என்னன்னு ஒரு நாளும் கேட்டதில்ல."

அவள் தோளில் கை வைத்தேன். ஜுரம் சுட்டது. துரை கையைக் காட்டினார், அவள் ஆரம்பித்தாள்.

இதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என்ன ராகம் என்று கேட்காதீர்கள், எனக்கு ஒன்றும் தெரியாது. யாரையோ ஆற்றங்கரையில் விட்டுவிட்டுப் படகில் போகிறவள் பாடுகிற மாதிரி ஒரு பாட்டு. முதல் அடியிலேயே என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அழுகை என்றுகூட இல்லை, துக்கமே தெரியவில்லை, கண் தன்பாட்டுக்குக் கொட்டியது. அந்த உடம்பில் அந்தக் குரலுக்கு எங்கே இடம் இருந்தது? அவளை முன்னால் தள்ளவும் இல்லை, பின்னால் இழுக்கவும் இல்லை, ஊசியும் துள்ளவில்லை. துரை விரலைத் தூக்கினார். பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். மறந்துபோனேன் என்று சொன்னால் உங்களுக்கு நம்ப எளிதாக இருக்கும், ஆனால் நான் மறக்கவில்லை. தட்டு, தட்டு என்று எனக்குள்ளேயே கத்துகிறேன், கை தோளைவிட்டு எழும்பவில்லை. ஒட்டிக்கொண்டது என்பதா, யாரோ மேலிருந்து அழுத்தினார்கள் என்பதா? வாயைத் திறக்கலாம் என்றால் அதுவும் வரவில்லை. அவளோ என் தட்டுக்காகவே காத்துக்கொண்டு அடுத்த அடி, அடுத்த அடி என்று பாடிக்கொண்டே போகிறாள். துரை எழுந்து ஓடி வருவதற்குள் ஊசி மெழுகின் நடுவட்டத்தில் இடித்துக் கிறீச்சிட்டு நின்றுவிட்டது.

அந்தக் கணமே என் கை எழும்பியது.

இதையே சுரண்டிவிட்டு மறுபடி பாடட்டும் என்றார் துரை. அவள் வாயைத் திறந்தாள், இருமல்தான் வந்தது, புடவைத் தலைப்பெல்லாம் ரத்தம். துரை என்னைத் திட்டிய திட்டு இப்போது நினைவில்லை. அவள் திட்டவில்லை. என் முகத்தைப் பார்த்து, "தட்டுவீங்களான்னு கேட்டேனே பாபு" என்றாள், அவ்வளவுதான். வண்டி வரைக்கும் நான் பின்னாலேயே போனேன். கையெடுத்துக் கும்பிட்டேன், அவள் திரும்பவில்லை.

மெழுகின் ஓரத்தில் பெயரை எழுதியாவது அனுப்புங்கள் என்று துரையிடம் கெஞ்சினேன். முறை என்றால் முறைதான் என்றார். மறுநாள் சாயங்காலம் ஹவுராவில் ரயிலேறி லக்னோ போக வேண்டும், காலையில் இன்னொருவர் வருகிறார், மிச்சம் மெழுகு இல்லை. சுரண்டும் மிஷின் கைப்பிடியை என்னையே சுற்றச் சொன்னார். சுற்றினேன். வேறு என்ன செய்திருக்க முடியும், வேலையை விட்டிருக்கலாம், விடவில்லை. அந்தப் பாட்டு முழுக்கச் சுருள் சுருளாக என் காலடியில் விழுந்தது.

காலையில் வந்தவர் விகடம் பேசுகிற ஒரு தொந்திக்காரர். மாமியார் மாதிரி, மார்வாடி மாதிரி, போலீஸ்காரர் மாதிரி எல்லாம் பேசிவிட்டுப் பெயரையும் கணீரென்று சொன்னார். அதே மெழுகில்தான். குந்தலா அடுத்த மாதமே போய்விட்டாள் என்று அவளைக் கொண்டுவந்து விட்ட வண்டிக்காரன் சொன்னான்.

ஏழெட்டு மாதம் கழித்து ஜெர்மனியிலிருந்து பெட்டி வந்தது. ஒவ்வொரு பிளேட்டாகப் போட்டுக் கேட்டு, பட்டியலில் கோடு போடுவது என் வேலை. பட்டப்பகல், ஆபீஸில் ஜனங்கள் நடமாடுகிறார்கள். தொந்திக்காரர் பிளேட்டைப் போட்டேன். மாமியார், மார்வாடி, போலீஸ்காரர், கடைசியில் அவர் பெயர். ஊசியை எடுக்கக் கை நீட்டினேன்.

"ஆமார் நாம் குந்தலா."

என் பெயர் குந்தலா. நம்பினால் நம்புங்கள், பக்கத்தில் நின்று சொல்வது போல அவ்வளவு தெளிவு. யோசித்துப் பாருங்கள், நான் சுரண்டியது பாட்டை. இந்தப் பெயரை அவள் அந்தக் குழாய்க்குள் சொல்லவே இல்லையே! வாசல் காவல் தர்வானைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன், பழைய ரசிகக் குமாஸ்தாவையும் கூப்பிட்டேன். தொந்திக்காரருக்குச் சிரித்தார்கள், கடைசியில் வெறும் கரகரப்பு என்றார்கள். அதே விகடத்தில் வேறு நாலு பிளேட்டு எடுத்துப் போட்டேன், நாலிலும் எனக்கு அந்தப் பெயர் கேட்டது, அவர்களுக்கு இல்லை. உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

பவானிப்பூர் வக்கீல் வீட்டிலிருந்து ஆர்டர் வந்தபோது நானே தொந்திக்காரர் பிளேட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று டிராமில் ஒத்திகை பார்த்தேன், கூடத்தில் பெரியவரைப் பார்த்ததும் நேரே மிஷினிடம் போய்விட்டேன். சாவி கொடுத்துப் பிளேட்டைப் போட்டேன். வீடே சிரித்தது. கம்பத்தோரமாக ஒரு பெண், அதே நெற்றி, அதே மெலிவு, யார் என்று கேட்கத் தேவையே இல்லை. விகடம் முடிந்தது, கட்சிக்காரர் வந்திருக்கிறார் என்று பெரியவர் எழுந்து போனார், மற்றவர்களும் கலைந்தார்கள்.

பெயர் வந்தது.

அந்தப் பெண் அசையாமல் நின்றாள். அவளுக்குக் கேட்டுவிட்டது! செய்த பாவம் தீர்ந்தது என்றே நினைத்தேன். அது போதும், பிளேட்டை எடுத்துவிடலாம் என்று ஊசிக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"எடுக்காதீங்க பாபு. இப்பத்தான் பாட ஆரம்பிக்கறாங்க."

எனக்குக் கேட்டது கரகரப்புதான். ஊசி கடைசி வட்டத்திலேயே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. நான் இரண்டடி பின்வாங்கி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் குழாய்க்குள் முகத்தை வைத்துக்கொண்டாள், மிஷின் தளர்ந்தபோது தானே சாவி கொடுத்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் தன்பாட்டுக்குக் கொட்டியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கும் ஒரு அடியாவது கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை, கேட்டதை அப்படியே ஒப்பிக்கிற முகம்.

"பாபு, உங்க கையை எடுத்துக்கச் சொல்றாங்க. தோள் வலிக்குதாம்."

என் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால்தான் கட்டியிருந்தன. எதை எடுப்பேன், எங்கிருந்து எடுப்பேன்? படியிறங்கி வந்துவிட்டேன். வருஷம் எத்தனையோ ஓடிவிட்டது, சில நாள் காலையில் எழுந்திருக்கும்போது வலது உள்ளங்கை மட்டும் ஜுரம் மாதிரிச் சுடுகிறது.