பதினொரு ஊர் மாப்பிள்ளை

எனக்குக் கல்யாணம் ஒரு தடவைதான் நடந்தது. ஆனால் அதற்கு முன்பே பதினொரு ஊர்களுக்கு நான் மாப்பிள்ளையாகிவிட்டேன். அப்போது எனக்கு அதுதான் தொழில்.

நான் கூலிக்குக் கபடி விளையாடியவன். எங்கள் பக்கம் பொங்கலிலிருந்து சித்திரை வரை ஏதாவது ஒரு ஊரில் ஆட்டம் நடந்துகொண்டே இருக்கும். கோப்பை இருக்கும், கிடா இருக்கும், போன வருஷம் தோற்றவர்களின் கோபமும் இருக்கும். விதி எல்லா ஊரிலும் ஒன்றுதான்: உள்ளூர் ஆட்கள் மட்டுமே ஆடவேண்டும். ஆனால் அந்த ஊரில் பெண் எடுத்தவரும் உள்ளூர்க் கணக்குதான். மாப்பிள்ளையைப் பார்த்து வெளியாள் என்று சொல்ல எந்த ஊருக்கு வாய் வரும்? அந்தச் சின்னச் சந்துக்குள்தான் என் பிழைப்பு ஓடியது.

சாத்தூரில் டீக்கடை வைத்திருந்த ஓர் அண்ணன்தான் என்னை ஊர் ஊராக அனுப்பிவைப்பார். டீயை ஆற்றிக்கொண்டே சொல்வார்.

"ஏலே, இன்னைக்கு நீ அணைக்குக் கிழக்க இருக்கிற ஊருக்கு மாப்பிள்ளை. பொண்ணு தெக்குத் தெரு. யாராச்சும் ஏதாச்சும் கேட்டா தலையைக் குனிஞ்சுக்கோ, போதும்."

தலையைக் குனிவது எனக்குப் பிறவியிலேயே வந்த வித்தை. பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வெட்கப்பட்டே பாதி நாள் வராதவன் கணக்கில் போனவன் நான். கபடியிலும் பாடிப் போக மாட்டேன். அத்தனை பேர் முன்னால் மூச்சு விடாமல் கத்த வேண்டுமே! அதனால் இடது மூலையில் நின்று, பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடிக்கிற வேலையை எடுத்துக்கொண்டேன். அதற்கு வாய் தேவையில்லை. என் கையில் கால் சிக்கிவிட்டால் அவன் நடுக்கோட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

மாப்பிள்ளை வேலையில் மரியாதைக்குக் குறைவே கிடையாது. பெஞ்சில் துண்டு விரித்து உட்காரச் சொல்வார்கள். கோழிக் குழம்பில் நல்ல துண்டாக என் இலைக்கு வரும். சில சமயம் சிக்கலும் வரும். ஒரு சனிக்கிழமை ஓர் ஊருக்கு மாப்பிள்ளையாக ஆடிவிட்டு, மறுநாள் அந்த ஊரையே எதிர்த்து இன்னோர் ஊருக்கு மாப்பிள்ளையாக இறங்கினேன். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஒருவர் என்னையே உற்றுப் பார்த்தார்.

"ஏம்ப்பா, நேத்து எங்க ஊருல பொண்ணெடுத்த. இன்னைக்கு இங்கனயும் எடுத்துட்டியா? வீட்டுல தெரியுமா?"

தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கப்படுகிறான், விடுங்கப்பா என்று பக்கத்திலிருந்தவர் அவரை அடக்கிவிட்டார்.

வார நாட்களில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு வெடி கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். முப்பது வயது தாண்டியதும் இடது முழங்கால் மாடிப்படியில் சத்தம் கொடுக்க ஆரம்பித்தது. கால் போனால் கபடியும் போகும், லோடும் போகும். வேறு வேலை எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில்தான் முதலாளி கூப்பிட்டுவிட்டார். அவருக்குக் கபடி என்றால் தீபாவளி சீசன் ஆர்டர்கூட இரண்டாம்பட்சம்தான். அவருடைய ஊர் அணி ஒரு சுழற்கோப்பையை இரண்டு வருஷம் தொடர்ந்து ஜெயித்திருந்தது. மூன்றாவது வருஷமும் ஜெயித்தால் கோப்பை நிரந்தரமாக அவர்களுக்கே. இடது மூலையில் ஆடுகிற பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

"கோப்பை வந்துட்டா உனக்கு ஸ்டோர் ரூம் வேலை" என்றார் முதலாளி. "ஃபேனுக்குக் கீழ உக்காந்து பசையும் நூலும் எடுத்துக் குடுத்தாப் போதும். வரலைன்னா, லோடுதான்."

இப்படியாக முதலாளியின் ஊருக்கும் நான் மாப்பிள்ளையானேன். பதினொன்றாவது ஊர்.

பங்குனியில் இறுதி ஆட்டத்தன்று சாயங்காலம், கம்பெனி வேனில் பட்டாசுப் பெட்டி ஒட்டுகிற பெண்களெல்லாம் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். களத்தில் இறங்கியதும் எதிரணிப் பக்கம் பார்த்தேன். எதிரணியின் தலைவரை எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் ஊருக்கும் நான் மாப்பிள்ளையாக இருந்திருக்கிறேன். அவருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. ஆனால் நேராகச் சொன்னால் அவர் செய்த தில்லுமுல்லும் சேர்ந்து வெளியே வருமே! மைக் வைத்திருந்த விழாக் கமிட்டித் தலைவரிடம் போய் ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, சும்மா ஒரு சந்தேகம். இந்த மாப்பிள்ளை எந்த வீட்டுக்கு மாப்பிள்ளை?"

கமிட்டித் தலைவர் என் பக்கம் திரும்பினார். "பொண்ணு யாருப்பா?"

நான் குனிந்தேன். இந்தத் தடவை அது போதவில்லை. அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"இடது மூலையில் நிற்கும் மாப்பிள்ளைக்கு உரிய பெண் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்."

காணாமல்போன ஆட்டுக்கு அறிவிப்பது மாதிரியே அறிவித்தார். கூட்டம் சிரித்தது. முதலாளி வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். ஸ்டோர் ரூம் ஃபேன் என் கண்முன்னாலேயே சுற்றி நின்றுபோனது.

வேன் பக்கத்திலிருந்து ஒரு பெண் நடந்து வந்தாள். முதலாளி ஊர்க்காரிதான். பெட்டி ஒட்டுகிற இடத்தில் அவளைத் தினமும் பார்த்திருக்கிறேன், அதாவது அவள் காலைப் பார்த்திருக்கிறேன். நிமிர்ந்து பார்த்ததில்லை. அவள் அப்பா அன்று இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருந்தார். தடுக்க ஆளில்லை.

கமிட்டித் தலைவர் மைக்கை நீட்டினார். "நான்தான்" என்றாள்.

"கல்யாணம் ஆயிருச்சாம்மா?"

"இன்னும் இல்ல. பேசிருக்கு."

"யாரு பேசினது?"

"நான் பேசிட்டேன். அவுகதான் இன்னும் வாயைத் திறக்கல."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. எதிரணித் தலைவர் விடுவதாக இல்லை. "இந்தாம்மா, இவரு ஏற்கெனவே எங்க ஊருல..." என்று ஆரம்பித்தார்.

"உங்க ஊருல எந்தப் பொண்ணு? வரச் சொல்லுங்க. நானும் பாத்துக்கிடுதேன்."

அவர் தன் அணிப் பக்கம் திரும்பி நடந்தார்.

"பொண்ணே மைக்குல சொன்ன பெறகு வேற என்ன சாட்சி வேணும்?" என்றார் கமிட்டித் தலைவர். "ஆடட்டும். ஆனா ஒண்ணு. அடுத்த வருசம் இதே நாளைக்குள்ள தாலி ஏறலைன்னா கோப்பையைத் திரும்ப வாங்கிருவோம்."

ஜெயித்தோம். கடைசியாகப் பாடி வந்தவனின் காலை நான் பிடித்தபோது என் முழங்காலில் ஏதோ அறுந்தது. அவனை விடவில்லை. அதுதான் என் கடைசி ஆட்டம். ஒரு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு ஸ்டோர் ரூமுக்கு நொண்டி நொண்டிப் போனேன். முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தினமும் நினைவூட்டவும் செய்தார்.

"பேசிட்டியாலே? கோப்பை போச்சுன்னா நீ லாரிக்குத்தான் போகணும். இந்தக் காலை வச்சுக்கிட்டு லோடு ஏத்திருவியா?"

முடியாதுதான். பேசித்தான் ஆகவேண்டும். அவள் ஸ்டோர் ஜன்னலுக்குப் பசை வாங்க வருவாள், வாங்கிக்கொண்டு போவாள். நான் வாளியைப் பார்ப்பேன். அடுத்த பொங்கலும் போய் மாசி வந்துவிட்டது, கெடுவுக்கு ஒரு மாதம்தான் பாக்கி. ஒருநாள் மத்தியானம் தைரியம் வந்து, பெண்கள் பெட்டி ஒட்டுகிற இடத்துக்கே போனேன். அவள் பக்கத்தில் போய்க் குனிந்து, "கட்டிக்கிடுவோமா?" என்றேன்.

அவள் கையிலிருந்த அட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள். "அம்புட்டுப் பேருக்கு முன்னால மைக்குல சொன்னவ நான். நீங்க காதுல வந்து சொன்னா எப்படி?"

பெண்கள் அத்தனை பேரும் ஒட்டுவதை நிறுத்திவிட்டார்கள். "சத்தமா, அண்ணே" என்றது ஒரு குரல். சொன்னேன். "கேக்கல, அண்ணே!" மறுபடியும் சொன்னேன். "மழை வருதாம்கா, அண்ணன் அதைத்தான் சொல்லுதாக" என்று ஒருத்தி மொழிபெயர்த்தாள். மூன்றாவது தடவை வெளியே கேட்டுக்கு அருகில் நின்ற வாட்ச்மேன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அவள் நிதானமாக அடுத்த அட்டையை எடுத்தாள். "சரி. யோசிச்சு வெள்ளிக்கிழமை சொல்லுதேன்."

அன்று செவ்வாய்க்கிழமை. அந்த மூன்று நாளும் கம்பெனியில் நூல் கேட்டவர்களுக்குப் பேப்பர் போனது, பேப்பர் கேட்டவர்களுக்கு நான் என்ன கொடுத்தேன் என்றே நினைவில்லை. முதலாளி என்னைவிட மோசம். இரண்டு தடவை ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வந்து வாளியை ஜன்னலில் வைத்தாள். "பசை வேணும்" என்றாள். உள்ளே போய்த் திரும்பி வந்து வாளியை நீட்டினேன்.

"ஞாயித்துக்கிழமை அப்பா வீட்டுல இருப்பாக. வந்து பேசுங்க" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

அவள் வாளிக்குள் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் வாளியை என் பக்கம் தள்ளினாள்.

"முதல்ல இதுல பசையை ஊத்துங்க."