தள்ளாமல் விட்ட லிவர்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஐப்பசி மழை ஓய்ந்த வாரத்தில் காரைக்குடியில் நடந்தது இது. அப்போது என்னிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. ராணுவத்தில் உழைத்து, ஏலத்துக்கு வந்து, இரண்டு கை மாறி என்னிடம் சேர்ந்த வண்டி. ஆத்தங்குடித் தரைக்கற்களைப் பெட்டியில் வைக்கோல் வைத்து அடுக்கி, வீடு கட்டுகிற ஊர்களில் கொண்டுபோய் இறக்குவது என் தொழில். லாரி நுழைய முடியாத வண்டித்தடத்திலும் என் ஜீப் போகும். அந்தக் கர்வம் வண்டிக்கு இருந்ததோ என்னவோ, எனக்கு நிறைய இருந்தது.

அந்த மழையில் வண்டி படுத்துவிட்டது. கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். டிரான்ஸ்பர் கேஸ் என்பார்கள். எஞ்சினின் இழுவையை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். முன் சக்கரங்களைச் சேர்க்கவும் விடவும் டிரைவர் பக்கத்தில் தனி லிவர் உண்டு. சேற்றிலும் மணலிலும் மட்டும் அதைப் போட வேண்டும், தார் ரோட்டுக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். என் வண்டியில் அந்தப் பெட்டியின் பற்கள் தேய்ந்து, மேட்டில் ஏறும்போது கியர் தானாகவே கழன்று விழுந்தது.

வழக்கமாக என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்குக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கிறிஸ்தவர். அதிகம் பேசமாட்டார். புதுப் பெட்டி கிடைக்காது, பழையதுதான் தேட வேண்டும் என்றார். இருவரும் மதுரைக்குப் போய், ராணுவ வண்டிகளைப் பிரித்து விற்கும் கடை ஒன்றில் அரை நாள் நின்றோம். மூன்று பெட்டிகளை வேண்டாம் என்று ஒதுக்கினார். நாலாவதைத் திறந்து, ஒவ்வொரு பல்லாக விரலால் தடவி, தண்டைச் சுழற்றிக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, இது நல்ல பெட்டி என்றார். எனக்கு நாலும் ஒரே துருவாகத்தான் தெரிந்தது.

மூன்று நாளில் மாட்டி முடித்தார். ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றபோது நான் தடுத்தேன். இவ்வளவு பெரிய உறுப்பை மாற்றியிருக்கிறோம், நல்ல நேரத்தில் பூஜை போட்டுத்தான் வண்டி நகர வேண்டும் என்றேன். மறுநாள் காலை சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினேன். அவரும் பக்கத்தில் நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். ஷெட் வாசல் முழுக்கச் சேறு என்பதால் முன் சக்கர லிவரை அவரே போட்டுவிட்டார். பழம் நசுங்க, வண்டி கம்பீரமாக ஏறித் தார் ரோட்டுக்கு வந்தது.

அங்கேதான் லிவர் வரவில்லை. பிடித்துத் தள்ளினேன், அசையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "பல்லு இறுகிக் கெடக்குண்ணே. ஒரு பத்தடி ரிவர்ஸ் எடுத்துக்கிட்டே தள்ளுனீகன்னா விட்டுரும்" என்றார்.

பூஜை போட்ட வண்டியைப் பத்தடிகூடப் போகாமல் பின்னால் எடுப்பதா? எங்கள் பக்கத்தில் யாரும் செய்யமாட்டார்கள். நேராகப் பிள்ளையார்பட்டிக்குப் போய்த் தேங்காய் உடைத்த பிறகுதான் ரிவர்ஸ் என்று சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், வாதாடவில்லை. "அப்பச் சரிண்ணே, கோயில் வாசல்லயாவது மறக்காம ரிவர்ஸ் எடுத்துத் தள்ளிருங்க. போட்டபடியே தார் ரோட்டுல ஓட்டிராதீக" என்று சொல்லி இறங்கிக்கொண்டார்.

கோயிலில் தேங்காய் உடைத்தேன். தேங்காய் நன்றாக உடைந்த சந்தோஷத்தில் லிவரை மறந்தேன்.

அதற்கப்புறம் ஒரு வாரம் ஓட்டினேன். மழை விட்டிருந்ததால் வேலை குவிந்துகிடந்தது. ஆத்தங்குடிக்கும் திருப்பத்தூருக்குமாகக் கல் ஏற்றி அடித்தேன். ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. திருப்பத்தில் டயர் கிறீச்சிட்டது. புதுச் செருப்பு கடிப்பதுபோல நாலு நாள் இருக்கும், பிறகு சரியாகிவிடும் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். எட்டாம் நாள் திருப்பத்தூருக்குள் நுழைகிற இடத்தில் அடியில் 'படார்' என்று ஒரு சத்தம். வண்டி நின்றது. அங்கிருந்த ஒரு பட்டறையில் தள்ளிக்கொண்டுபோய் விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

காரைக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கியவன் நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். எதிரில் வாடகைக் கார் ஸ்டாண்டு. அங்கிருந்தவர்கள் எல்லாரும் அதே மெக்கானிக்கிடம் வண்டி விடுகிறவர்கள். "பொறுக்கி எடுத்தேன்னு சொல்லி ஒரு ஓட்டைப் பெட்டிய என் தலையில கட்டிட்டான்" என்று ஆரம்பித்து, வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். இரண்டு பேர் என்னோடு ஷெட்டுக்கே வந்தார்கள். அங்கே இன்னும் நாலு பேர் கூடினார்கள். ஒரு வண்டியின் அடியில் படுத்திருந்த மெக்கானிக் எழுந்து வந்து, கை துடைத்தபடி முழுவதையும் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ரிவர்ஸ் எடுத்து லிவரத் தள்ளிட்டீகள்லண்ணே?"

"தள்ளாம? எனக்கென்ன வண்டி ஓட்டத் தெரியாதா?" என்றேன்.

ஊரைக் கூட்டிவைத்துக் கத்திக்கொண்டிருக்கிறவனுக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. யோசித்துப் பொய் சொன்னேன் என்றுகூடச் சொல்ல முடியாது. யோசிக்கவே இல்லை. கோபத்தில் இருந்தேன், அந்தப் பதில்தான் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அவர், "அப்ப என் கண்ணுதான் ஏமாந்துபோச்சு" என்றார், கூடியிருந்த எல்லாரும் கேட்கும்படியாக. வேறு பெட்டி தேடித் தருவதாகச் சொன்னார். உடைந்த பல்சக்கரத்தை மட்டும் எடுத்துவரச் சொன்னார், எந்த இடத்தில் தப்பாகப் பார்த்தோம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். அன்றைக்கே மூன்று பேர் இனி அந்த ஷெட்டில் வண்டி விடுவதில்லை என்று முடிவுகட்டினார்கள். எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. மறைப்பானேன்?

நாலு நாள் கழித்துத் திருப்பத்தூர் போனேன். பட்டறைக்காரர் பெட்டியை இறக்கிப் பிரித்து வைத்திருந்தார். என்னைக் கண்டதும் முன் டயர்களைக் காட்டினார். ரப்பர் தேய்ந்து நூல் தெரிந்தது. பிறகு லிவர் மேல் கையை வைத்தார்.

"முன் லிவரு போட்டது போட்டபடி இருக்கு. இத்தனை பாரத்தோட தார் ரோட்டுல இப்படி ஓட்டுனா எந்தப் பெட்டிங்க தாங்கும்? பல்லு நல்ல பல்லு. முறுக்கியே ஒடிச்சிருக்கீக."

கோயில் வாசல், தேங்காய், ரிவர்ஸ் எடுக்காமலே நான் திருப்பிய வண்டி எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

உடைந்த பல்சக்கரத்தைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். இதைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அவர்தான் குற்றத்தை ஏற்றுக்கொண்டாரே, பட்டறைக்காரர் காரைக்குடிக்கு வந்து சாட்சி சொல்லப்போகிறாரா? பாதி வழி வரைக்கும் அந்த எண்ணத்தோடு வந்தேன் என்பதை இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

ஷெட்டில் வேறு வண்டி எதுவும் இல்லை. என்னுடைய பழைய பெட்டி, அந்தத் தேய்ந்துபோன பெட்டி, அவர் முன்னால் பிரிந்துகிடந்தது. அதன் பற்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். நல்ல பல்லுக்கும் கெட்ட பல்லுக்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார். மதுரைக்கு மறுபடியும் போனாராம், இரண்டு பெட்டியைப் பார்த்தாராம், எதையும் நல்லது என்று சொல்லத் தைரியம் வராமல் திரும்பிவிட்டாராம்.

அதைக் கேட்ட பிறகு என்னால் அடக்கிவைக்க முடியவில்லை. லிவரைத் தள்ளவில்லை, தள்ளியதாகப் பொய் சொன்னேன், பல் ஒடிந்தது என்னால்தான் என்று சொல்லிவிட்டேன். அறைந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவர் சாக்கை அவிழ்த்து, சக்கரத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஒடிந்த இடத்தை விட்டுவிட்டு ஒடியாத பற்களைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப நான் பாத்தது நல்ல பெட்டிதானாண்ணே?" என்றார்.

ஆமாம் என்றேன். கொஞ்சம் பொறுத்து அதையே இன்னொரு தடவை கேட்டார். அவர் முகத்தில் என் மேல் கோபம் தேடினேன். இல்லை. போன உயிர் திரும்பிவந்தவர்போல இருந்தார். அது கோபத்தைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அன்று சாயங்காலமே ஸ்டாண்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார்கள். "லிவரத் தள்ளிட்டியா?" என்று அதற்கப்புறம் பல மாதம் என்னைக் கண்டால் கேட்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். ஷெட்டை விட்டுப்போன மூன்று பேரில் இரண்டு பேர் திரும்பிவிட்டார்கள். மூன்றாமவர் மட்டும் வரவே இல்லை. நான் இரண்டு முறை அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லிப் பார்த்தேன். நீ அவனுக்காகப் பரிந்து பேசுகிறாய், அவனே தன் வாயால் ஒத்துக்கொண்டானே என்று சொல்லிவிட்டார்.

மெக்கானிக் எனக்கு வேறொரு பெட்டி தேடிப்பிடித்து மாட்டிக் கொடுத்தார். அந்த ஜீப்பை விற்கும்வரை அது ஓடியது. அதன்பிறகு எத்தனையோ தவறு செய்திருக்கிறேன், எத்தனையோ பொய்யும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, நல்ல கைத்தொழிலாளி ஒருவர் நாலு நாள் தன் விரல்களையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அதற்காக மட்டும் இந்த வயதிலும் என்னை நானே மன்னித்துக்கொள்ள முடியவில்லை.