எழும்பி நின்ற பிரதிநிதி

சம்பளமில்லாமல் இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிற உத்தியோகம் என்றால், அது மாணவர் பிரதிநிதி வேலைதான். தொண்ணூறுகளில், கனடாவின் ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையில் நான் அந்த வேலையைப் பார்த்தேன். எங்கேயாவது எதற்காவது பிரதிநிதியாக இருந்து நொந்தவர்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

தேர்தல்

யாழ்ப்பாணத்தில் படித்த கால்களுக்கு ஒரு பழக்கம்: ஆசிரியர் உள்ளே வந்தால் தாமாக எழும்பும். முதல் வகுப்பில் பேராசிரியர் கதவைத் திறந்துகொண்டே, பிரதிநிதியாக வர யாருக்கு விருப்பம் என்று கேட்டிருக்கிறார். அவருடைய ஆங்கிலம் என் காதில் ஏறுவதற்குள் கால்கள் எழும்பிவிட்டன. மற்ற எல்லோரும் கால் நீட்டிக்கொண்டு இருந்தார்கள். ஒருத்தன் டோநட் தின்றுகொண்டிருந்தான். பேராசிரியருக்குப் பெரிய சந்தோஷம். “இப்படித் துணிச்சலான ஒருவரைத்தான் எதிர்பார்த்தேன்” என்றார்.

பதவியின் பவிசு

மில்லிக்கனில் எங்கள் வீட்டில், அம்மாவுக்குப் பிரதிநிதி என்றால் என்னவென்று விளக்கிக் களைத்து, கடைசியில் “மொனிற்றர் மாதிரி” என்றேன். வகுப்பில் கதைப்பவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதிப் பிடித்துக் கொடுக்குமே, அந்த மொனிற்றர். அடுத்த வாரமே பக்கத்து வீட்டு அங்கிள், தன் மகளுக்கு எங்கள் துறையில் இடம் எடுத்துத் தரச் சொல்லி வந்துவிட்டார். அது என் கையில் இல்லை என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்தேன். ஆறுதலாகக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “உந்தச் சின்ன அலுவலும் பாக்கேலாதெண்டால், பேந்தென்னத்துக்குப் பிள்ளை மொனிற்றர்?”

வதனி அக்காவின் மிசிசாகா

எங்களோடு படித்த வதனி அக்கா நகரத்தின் கிழக்கே வெக்ஸ்போர்ட்டில் இருந்தார். கைக்குழந்தை, கார் இல்லை, கணவருக்கு இரவு வேலை. கற்பித்தல் பயிற்சிக்கு அவருக்குக் கிடைத்த பள்ளிக்கூடமோ நகரத்தையும் தாண்டி மேற்கே, மிசிசாகாவில். போகாவிட்டால் பயிற்சி இல்லை. பயிற்சி இல்லாவிட்டால் ஆசிரியர் வேலையும் இல்லை. அவர் என்னிடம் வந்து அழுதார்.

துறைக் குழுவில் பேச நேரம் கேட்டுப் போனேன். அந்த வாரம் எங்களுக்கு விரிவுரை ‘மாணவர் குரலுக்குச் செவிகொடுத்தல்’. குழுவின் செயலாளர் அம்மா மிக அன்பாகச் சொன்னார்: “நிகழ்ச்சி நிரலில் மாணவர் குரல் கடைசியில் இருக்கிறது. அதற்குள் எப்போதும் நேரம் முடிந்துவிடும்.”

வெளிநடப்பு

கூட்டத்தன்று துறைத் தலைவர் பனியில் மாட்டிக்கொண்டார். அவர் இல்லாததால் கூட்டம் மளமளவென்று ஓடி, மாணவர் குரலுக்கும் வந்துவிட்டது. வதனி அக்காவின் கதையைச் சொன்னேன். ஒருவர் விதியைச் சொன்னார். இன்னொருவர் அடுத்த வருடம் யோசிக்கலாம் என்றார். இது ஒரு வருடப் படிப்பு, அடுத்த வருடம் அக்கா இங்கே இருக்கமாட்டாரே என்று நான் தொடங்க, கதவு திறந்து தலைவர் உள்ளே வந்தார்.

கால்கள் எழும்பிவிட்டன. மடியில் கிடந்த குளிர்ச்சட்டையும் கையோடு வந்தது. நான் மரியாதைக்கு நிற்கிறேன்; அவர்களோ நான் கோபித்துக்கொண்டு வெளியேறுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். தலைவர் பதறிப்போய் என்ன பிரச்சினை என்று கேட்க, யாரோ மிசிசாகா என்றார்கள். “தயவுசெய்து இருங்கள், வெளிநடப்பு வேண்டாம். வெக்ஸ்போர்ட் பக்கமே ஒரு பள்ளிக்கூடம் பார்ப்போம்” என்றார்.

இருந்தேன். வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று பயம். வெளியில் காத்திருந்த வதனி அக்கா செய்தி கேட்டு என் கையை விடவே இல்லை. “என்னத்தைச் சொல்லி வெண்டனீர்?”

கற்பிக்கப் படித்த அந்த வருடம் முழுக்க என் வாய் சொன்ன எதுவும் எடுபடவில்லை, என் கால்கள் சொல்லாததுதான் எடுபட்டது.