பலகைத் தரையில் கைதட்டியவர்

எண்பதுகளில் ஒரு நாள், போடியிலிருந்து குரங்கணி போகும் ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், பிள்ளைகளுக்குக் காது சோதிக்கும் ஓர் அம்மா. கசங்கிய சேலை, தூக்கம் கெட்ட கண்கள். பேச வாயெடுத்தால் முதலில் நம் முகத்துக்கு நேரே திரும்பிக்கொள்வார், தொழில் பழக்கமாம். மைசூரில் பத்து நாள் பயிற்சி முடித்து நேரே வருகிறாராம்.

"படிச்சு முடிச்சுத்தானே சோலிக்கு வந்தீக? மறுபடி என்ன படிப்பு?" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேண்ணே. போன வருசம் மேல மலையில, ஏலக்காய் காயப்போடுற ஸ்டோர்ல வச்சு ஒரு பிள்ளையச் சோதிச்சேன். பின்னால போய்க் கைதட்டுனேன், திரும்பிப் பாத்துச்சு. காது நல்லாக் கேக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். அங்க பலகைத் தரைண்ணே. நான் எட்டு வச்ச அதிர்வுக்குத்தான் திரும்பியிருக்கு. பயிற்சியில சொல்லவுந்தான் எனக்கு உறைச்சது."

"அதை யாரு கேக்கப் போறா? விடுங்க."

"திமிருல பேச மாட்டேங்குதுன்னு பிள்ளைய அதோட ஆத்தா அடிக்கிறாளாம். நான் குடுத்த சீட்டை நம்பித்தாண்ணே அடிக்கிறா."

குரங்கணியில் இறங்கி, பையைத் தோள் மாற்றித் தோள் போட்டபடி, அந்தப் பிள்ளையின் வீட்டைத் தேடி மேட்டில் நடந்து போனார். அந்த ஆத்தாளின் முன்னால் நின்று முதல் வார்த்தையாக என்ன சொல்லியிருப்பார்? நானும் பலவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் சரிப்படவில்லை.