மாமனாரின் மாத்திரையும் வாசல் நாயும்

என் மாமனார் ஜோசியத்தை நம்பாதவர். இதை அவர் தினமும் ஒரு தடவையாவது சொல்வார், அதுவும் எங்கள் கட்டடத்தின் மூன்று மாடிக்கும் கேட்கும்படி. மாட்டுங்காவில் எங்கள் தெரு வழியாக யாராவது ஜாதகக் கட்டும் கையுமாகப் போனால் பால்கனியில் நின்று அவர்கள் காதில் விழும்படி ஒரு சிரிப்புச் சிரிப்பார். ஓட்டல் சாப்பாட்டையும் அவர் நம்பியதில்லை. கோட்டைப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க்காக இருந்தார். கூட வேலை செய்கிறவர்கள் மத்தியானம் உடுப்பி ஓட்டலுக்குள் நுழைவதைப் பார்த்தாலே தனக்குக் குமட்டுகிறது என்பார். காலையில் வீட்டில் முழுச் சாப்பாடு, கையில் ஒரு சின்ன டப்பாவில் தயிர்சாதம், மேலே ஒரு துண்டு நாரத்தங்காய். ஆபீசுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் டப்பாவாலாவிடம் கொடுத்தால் எவன் கை எதில் படுமோ என்று தானே தூக்கிக்கொண்டு ரயிலேறுவார்.

இங்கிலீஷ் மருந்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. கொதிப்பு ரத்தத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காப்பி ஆறியிருந்தால் கத்துவார், சூடாக இருந்தாலும் கத்துவார். தெருமுனை டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு மாத்திரை சாப்பிடச் சொன்னார். தூக்க மாத்திரை வகைதான். அந்தக் காலத்தில் கொதிப்புக்கும் கோபத்துக்கும் அதையேதான் கொடுப்பார்கள். மாமனார் புட்டியை வாங்கி வந்து அலமாரியில் வைத்தார். "இதைத் தின்னா மனுஷன் மந்தமாப் போயிடுவான். அப்புறம் ஆபீஸை யார் பாக்கறது?" என்றார். புட்டியை அதற்குப் பிறகு அவர் தொடவில்லை.

மாமியார் தொட்டாள். தினமும் காலையில் அவர் பூஜையில் உட்கார்ந்ததும் ஒரு மாத்திரையை எடுத்து ஏலக்காய் இடிக்கும் சின்ன உரலில் பொடித்து, டப்பாத் தயிர்சாதத்தில் கலந்து பிசைவாள். கசப்பு தெரியாமல் இருக்க நாரத்தங்காய் இரண்டு துண்டாயிற்று. பூஜை மணிச் சத்தம் நின்றால் குரல் கொடுப்பது என் வேலை. கல்யாணமாகி வந்த புதிது. மாட்டுப்பெண்ணுக்கு என்னென்ன வேலை இருக்கும் என்று பிறந்த வீட்டில் சொல்லிக்கொடுத்தவர்கள் இதைச் சொல்லவில்லை. "ஆபீஸ்ல தூங்கிட்டா என்னம்மா பண்றது?" என்று ஒருநாள் கேட்டேன். "அங்க மத்தியானத்துல யாருடி முழிச்சிண்டிருக்கா?" என்றாள் மாமியார். என் கணவர் பேங்கில் வேலை பார்த்தார், அதனால் அவளுக்கு இதெல்லாம் தெரியும்.

ஒரு வாரத்தில் மாமியாருக்குக் குணம் தெரிந்துவிட்டது. "கவனிச்சியோ, குரல் கொஞ்சம் தணிஞ்சிருக்கு" என்பாள், அவர் உள்ளேயிருந்து கத்திக்கொண்டிருக்கும்போதே. நானும் தலையாட்டுவேன். மருந்து வேலை செய்கிறது என்று நம்பிவிட்டால் அதற்கு எதிராகக் காது என்ன சாட்சி சொன்னாலும் எடுபடாது.

எங்கள் கட்டடத்து வாசலில் ஒரு கறுப்பு நாய் இருந்தது. யாருடையதும் இல்லை. கீழே ஒரு செருப்புக் கடை. அதன் படிக்கட்டுக்கு அடியில் படுத்திருக்கும். எனக்கு அந்த நாயைப் பிடிக்கும். நான் காய்கறி வாங்கப் போனால் கூடவே வரும், மார்க்கெட் வாசலில் உட்கார்ந்திருக்கும், நான் வெளியே வந்ததும் எழுந்து முன்னால் நடக்கும். அந்த வீட்டுக்கு வந்த பிறகு எனக்காக யாராவது காத்திருந்தார்கள் என்றால் அது ஒன்றுதான். கொஞ்ச நாளாக அது மார்க்கெட்டுக்கு வருவதில்லை. பகல் முழுக்கத் தூங்கிற்று. தபால்காரரைப் பார்த்துக்கூடக் குரைக்கவில்லை. வயசாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து வருத்தப்பட்டேன்.

செருப்புக் கடைக்காரருக்குத் திருநெல்வேலிச் சீமை. தமிழ் முஸ்லிம். தாராவியில் பட்டறை வைத்திருந்தார், குடும்பமும் அங்கேதான். அந்த நாய் அவருடைய செருப்புகளில் நல்லதாகப் பார்த்து ஒற்றைக் காலை மட்டும் கடித்து வைக்கும். "இதுக்கு ஒருநா ஒரு வழி பண்ணுதேன் பாருங்க" என்று தெருவே கேட்கச் சொல்லியிருக்கிறார். சொன்ன கையோடு தன் ரொட்டியைப் பிய்த்து அதற்குப் போடுவார்.

அந்த வெள்ளிக்கிழமை ஆபீசில் மாமனாருக்கு வரவேண்டிய பிரமோஷன் ஒரு குஜராத்திக்குப் போய்விட்டது. ராத்திரி அவர் ரசத்தைத் தட்டோடு சுவரில் வீசினார். மாமியார் சுவரைத் துடைத்தாள். மறுநாள் காலை உரலில் கையில் வந்ததைக் கொட்டினாள். "இத்தனையாம்மா?" என்றேன். "இன்னிக்குப் பாதி நாள் ஆபீஸ்தானே. ஆத்துக்கு வந்து நன்னாத் தூங்கட்டும்" என்றாள்.

மத்தியானம் அவர் வந்தார். தூங்கிவிழுந்துகொண்டு வருவார் என்று நாங்கள் பால்கனியில் காத்திருக்க, தெருவே அதிரக் கத்திக்கொண்டிருந்தார். படிக்கட்டு அருகே நாய் பக்கவாட்டில் கிடந்தது. நாக்கு வெளியே தொங்கிற்று, வாயோரம் எச்சில் வழிந்தது. மாமனார் பூஜைச் செம்பை வரவழைத்து அதன் வாயில் துளசித் தீர்த்தத்தை ஊற்றிக்கொண்டே செருப்புக் கடைக்காரரைப் பார்த்துக் கத்தினார்: "காலம்பர என் கையால தயிர்சாதம் போட்டேன். டப்பாவோட கவுத்தேன், ஒரு பருக்கை விடாமச் சாப்டுத்து. அதுக்கப்புறம் நீர்தான் விஷம் வெச்சிருக்கீர்."

பால்கனியில் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

பிறகு விசாரித்ததில் மிச்சமும் தெரிந்தது. ஜோசியத்தை நம்பாத மனிதருக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. கோயில் பக்கத்து ஜோசியர் ஒருவர், மனைவி கையால் பிசைந்த தயிர்சாதத்தைத் தினம் ஒரு கறுப்பு நாய்க்குப் போடச் சொல்லியிருந்தார். நாய் நாளுக்கு நாள் சாந்தமாகிக்கொண்டு வந்ததைப் பார்த்து, சனி பகவான் குளிர்ந்துவிட்டார் என்று இவருக்கும் குணம் தெரிந்திருந்தது. மத்தியானத்துக்கு உடுப்பி ஓட்டலில் இரண்டு வடையும் ஒரு மசால் தோசையும்.

பால்கனியில், "வாயைத் திறக்காதே" என்றாள் மாமியார். என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே, "அப்பா கத்தி முடிச்சுட்டு வந்துடுவா" என்றார். கீழே மாமனார் வீட்டுக்காரனிடம் சொல்லிக் கடையைக் காலி பண்ண வைப்பேன், போலீசைக் கூப்பிடுவேன் என்று போய்க்கொண்டிருந்தார். மதராசிகள் எல்லாரும் இப்படித்தான் என்று சுவரில் எழுதத் தொடங்கியிருந்த காலம் அது. அதைப் படித்துவிட்டு வந்து, ஒருத்தன் செய்ததை ஊருக்கே பூசுகிறார்களே என்று பொருமுகிறவர், இப்போது "இவா ஜாதியே இப்படித்தான்" என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புட்டியை எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு கீழே இறங்கினேன்.

செருப்புக் கடைக்காரர் அதற்குள் ஒரு சாக்கை விரித்து நாயை அதில் உருட்டிவிட்டு டாக்சியை நிறுத்தியிருந்தார். "சாமி, போலீசைப் பொறவு கூப்பிடுங்க. உசுரு இருக்கு, பரேல்ல மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்" என்றார். மாமனார் முன்னால் ஏறிக்கொண்டார். பின்னால் சாக்கின் ஒரு முனை கடைக்காரர் மடியில், இன்னொரு முனை என் மடியில். நாயின் விலா மெதுவாக ஏறி இறங்கிற்று. இறங்கினால் மறுபடி ஏறும்வரை எனக்கு மூச்சு வரவில்லை. புட்டியைப் பற்றிச் சொல்ல டாக்சியில் இரண்டு முறை வாயைத் திறந்தேன். முன்சீட்டில் மாமனாரின் கழுத்து சிவந்திருந்ததைப் பார்த்து மூடிக்கொண்டேன். இன்னும் எத்தனை வருஷம் அதே வீட்டில் இருந்தாக வேண்டும் என்றும் யோசித்தேன்.

ஆஸ்பத்திரியில் மராட்டி டாக்டர் நாயின் இமையைத் தூக்கிப் பார்த்தார், ஈறை அழுத்திப் பார்த்தார். என்ன தின்றது என்று ஹிந்தியில் கேட்டார். "விஷம்" என்றார் மாமனார், கடைக்காரரைக் காட்டி. என்ன விஷம் என்று டாக்டர் கேட்டார். எலி விஷமா, மூட்டைப்பூச்சி மருந்தா, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு, தெரியாமல் ஊசி போட்டால் இதே மேஜையில் போய்விடும் என்றார். வாயில் ஏதாவது ஊற்றினீர்களா என்றும் கேட்டார். தீர்த்தம் என்று மாமனார் பெருமையாகச் சொன்னார். மயங்கிக் கிடக்கிற பிராணியின் வாயில் ஊற்றினால் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும், உங்கள் பக்தியே இதைக் கொன்றிருக்கும் என்றார் டாக்டர்.

நாயின் மூச்சு ஒருமுறை நின்று, பிறகு வந்தது. நான் தலைப்பை அவிழ்த்துப் புட்டியை மேஜைமேல் வைத்தேன்.

டாக்டர் படித்தார். "யே தவாயி கிஸ்கி ஹை?" இது யாருடைய மருந்து என்று கேட்டார். மாமனாரைக் காட்டினேன். அவர் சாப்பிடுகிறாரா என்றார். "இல்லை, நாய்தான் சாப்பிடுகிறது" என்றேன். அந்த அறையில் சிரித்தது டாக்டர் மட்டும்தான். அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள், ஊசி போட்டார்கள், வெந்நீர்ப் பைகளை வைத்துக் கம்பளியைச் சுற்றினார்கள், அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார்கள். நானும் கடைக்காரரும் சாக்கைப் பிடித்துப் புரட்டினோம். மாமனார் சுவரைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

இருட்டும் நேரத்தில் நாய் தலையைத் தூக்கிற்று. என்னைப் பார்த்ததா என்று தெரியாது, என் பக்கம் பார்த்தது. எல்லார் முன்னாலும் அழுதேன், வெட்கமாக இல்லை.

வெளியே வந்ததும் மாமனார் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இனிமே செருப்பையெல்லாம் கொஞ்சம் உள்ள தள்ளி வெச்சுக்கோங்கோ" என்றார். "ஆகட்டும் சாமி. நீங்களும் ஒங்க சோத்தை உள்ளயே வச்சுக்கிடுங்க" என்றார் கடைக்காரர், வெகு மரியாதையாக. வழியெல்லாம் மாமனார் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், எத்தனை நாளாக என்று. சொன்னேன்.

வீட்டில் பிரளயம் வரும் என்று மாமியார் பூஜை அறையில் உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. வந்தது வேறு. மறுநாள் காலை இலை போட்டதும் அவர் உட்காரவில்லை. மணையைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். "முதல்ல நீ சாப்பிடு" என்றார். சாம்பார், கறி, ரசம், மோர், எல்லாவற்றையும் அவள் சாப்பிட வேண்டும். அன்றிலிருந்து தினமும் அவர் எதிரே நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, அவள் கண் சொருகுகிறதா என்று பார்ப்பார். அதற்குப் பிறகே தனக்குப் பரிமாறச் சொல்வார். அதுவரை அவள் அவர் சாப்பிட்டு, பிள்ளை சாப்பிட்டு, பாத்திரம் ஒழித்து, எல்லாம் சில்லிட்ட பிறகு அவருடைய எச்சில் இலையிலேயே சாப்பிட்டு வந்தவள். அவர் கொடுத்தது தண்டனை. அவள் தலையைக் குனிந்துகொண்டு நிதானமாகச் சாப்பிட்டாள். சாதத்திலிருந்து ஆவி பறந்தது. ஆறிப்போனதை அவர் பிறகு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என்னோடு அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள். அந்த வாரக் கடைசியில், அடுப்படியில் எனக்குப் பின்னால் வந்து நின்று, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

"என் சாம்பார் சூட்டுல இவ்வளவு நன்னா இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதுடி."