ஏழு நாள் ராஜாவும் எங்கள் வீட்டு இளையவளும்

என் கொழுந்தனின் மனைவியை எனக்குப் பிடிக்காது. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்திருந்தால் இவ்வளவு பிடிக்காமல் போயிருக்காது. கேரள எல்லையோரத்துக் குன்னத்துகாலில் எங்கள் இரண்டு வீடும் பக்கத்துப் பக்கத்தில். அவள் நெய்யாற்றின்கரைக்காரி, மலையாளத்தில் படித்தவள். காலையில் பாறசாலையில் பஸ் ஏறி, திருவனந்தபுரத்தில் ஒரு லேபில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் பொட்டும் கலையாமல் வந்து இறங்குவாள். நான் வீட்டிலிருந்தே வாடிப்போயிருப்பேன்.

எங்கள் சபையில் வருஷந்தோறும் பெண்களுக்கு வேதாகமக் கேள்வி-பதில் போட்டி உண்டு. அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல் பரிசு அவளுக்கு, இரண்டாம் பரிசு எனக்கு. அதற்கு முன்னால் முதல் பரிசு யாருக்கு என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. எனக்குத்தான்.

போன வருஷம் போட்டிக்குப் பழைய இஸ்ரவேல் நாட்டின் ஒரே ஒரு வருஷத்தைக் கொடுத்தார்கள். என்ன வருஷம் அது! குடித்துக் கிடந்த ராஜாவை அவனுடைய தேர்ப்படைத் தலைவனே வெட்டிப்போட்டுவிட்டு சிங்காசனத்தில் ஏறுகிறான். ஏழே நாள். யுத்தத்துக்குப் போயிருந்த சேனை சேதி கேட்டு, தன் சேனாதிபதியைப் பாளயத்திலேயே ராஜாவாக்கி, திரும்பி வந்து ஊரை வளைக்கிறது. அதற்கப்புறமும் ஜனங்களில் பாதிப் பேர் வேறொருவன் பின்னால் போகிறார்கள். அடுப்பில் பயறு வெந்துகொண்டிருக்க, நான் இதையெல்லாம் மனப்பாடம் செய்தேன். செத்த ராஜாமேல் எனக்குப் பரிதாபம் வரவில்லை. ஏழு நாளாவது உட்கார்ந்தானே என்று அந்தக் கொலைகாரன்மேல்தான் மனசு போயிற்று.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த ராஜாக்கள் எப்போது பட்டத்துக்கு வந்தார்கள் என்பதை அடுத்த நாட்டு ராஜாவின் வருஷத்தை வைத்துத்தான் எழுதியிருக்கிறது. அவன் அசையாமல் அத்தனை காலம் ஆண்டவன். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டு மாடியை எப்போது கட்டினீர்கள் என்று யாராவது கேட்டால், "எளையவளுக்கு வேலை கெடச்ச வருசமாக்கும்" என்பார் என் மாமியார். என் மகன் பிறந்தது, இளையவள் ஸ்கூட்டர் வாங்கிய வருஷம். என் வயிற்றில் பிறந்தவனுக்கும் அவள் ஸ்கூட்டர்தான் கணக்கு.

போட்டியில் ஒரு வழக்கம். சபையில் இரண்டு பாஷைக்காரர்களும் இருப்பதால், போதகர் கேள்வியை முதலில் தமிழில் வாசிப்பார், பிறகு மலையாளத்தில். இரண்டும் முடியுமுன் வாயைத் திறந்தால் கேள்வி எதிராளிக்குப் போய்விடும். ஒவ்வொரு வருஷமும் தமிழ் முடிந்ததுமே அவசரப்பட்டு நான் தோற்பேன். அவள் மலையாளம் வரும்வரை காத்திருந்து நிதானமாக ஜெயிப்பாள்.

அந்தத் தடவை கடைசியில் இருவரும் சமமாக நின்றோம். ஒரு கேள்விதான் பாக்கி.

"ஏழு நாள் ஆண்ட ராஜா எப்படி இறந்தான்?"

எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். போதகர் மலையாளத்துக்கு வாயெடுக்குமுன் அவள் துள்ளி எழுந்தாள். தமிழிலேயே கேள்வி புரிந்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு.

"அரமனைக்குத் தீ வெச்சான். அவனும் அதிலயே செத்தான்!"

சபை முழுக்கச் சிரிப்பு. "அவசரப்பட்டுட்டியே மோளே" என்று போதகரும் சிரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். ஊரே கேட்ட பதிலை நான் எழுந்து நின்று இன்னொரு தடவை சொன்னேன். முதல் பரிசு எனக்கு. எனக்கு முன்னாலேயே தெரியும் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. யார் நம்புவார்கள்?

முதலில் கைதட்டியது அவள்தான். ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். "எனக்க அக்காவாக்கும்! இந்த வருசம் அக்காக்குத்தான் கிட்டும்னு நான் எல்லாருட்டயும் சொன்னேன்." பரிசாகக் கிடைத்த ஹாட்பாக்ஸை என் கையிலிருந்து வாங்கி, பார்த்தவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டே நடந்தாள்.

வீடு வரைக்கும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். கொஞ்சம் எரிச்சல், ஒரு சின்ன முகச்சுளிப்பு, ஏதாவது தட்டுப்படுமா என்று. ஒன்றுமில்லை. இத்தனை வருஷமும் நான் யாரோடு யுத்தம் செய்தேனோ, அவளுக்கு யுத்தம் நடந்ததே தெரியாது.