பாதிக் கோடு

என் மேசையில் பழைய ஆய்வேடு ஒன்று இருக்கிறது. அதன் மேல் பெரிய நட்டு ஒன்றை வைத்திருக்கிறேன். நட்டின் ஒரு பக்கத்தில் வெள்ளை பெயிண்டில் பாதிக் கோடு. பார்க்கிறவர்கள் ஏதோ பரிசு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்போது திருச்சியில் நான் ஆராய்ச்சி மாணவி. புங்க எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளை டீசலில் கலந்தால் மீன்பிடிப் படகு எஞ்சினின் அதிர்வு குறைகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஆய்வுக்கூடத்தில் துணைக்கு இருந்தவரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். பல வருஷம் கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, ஒப்பந்தத்தில் சேர்ந்தவர். "டெஸ்ட் முடியறவரைக்கும் எஞ்சின்ல யாராவது கை வச்சா, மறுநாள் வேலைக்கு வர வேண்டாம்" என்று என் நெறியாளர் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர்.

வெறும் டீசலில் அளவுகளை ஆயுத பூஜைக்கு முன்பே எடுத்திருந்தேன். கலவையில் எடுத்தது பூஜைக்குப் பிறகு. அதிர்வு வெகுவாகக் குறைந்திருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை. முடிவுகளை ஆய்வுக் குழுவின் முன் வைக்கும் நாள் காலையில் பாய் வாசலிலேயே நின்றிருந்தார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். பூஜைக்குத் துடைக்கறப்ப அடி போல்ட் நாலும் தளர்ந்து கிடந்துச்சு. மனசு கேக்கல, முடுக்கிட்டேன்."

எஞ்சினைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் அவை. அப்படியானால் அதிர்வைக் குறைத்தது என் எண்ணெயா, இவர் ஸ்பேனரா? "உங்கள யாரு பாய் கேட்டா?" என்று கத்தினேன். பிறகு, இன்றும் நினைத்தால் கூசுகிறது, "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன்.

"சொல்ல மாட்டேன்மா. உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல." பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்து, நட்டிலிருந்து அடித்தட்டு வரை ஒரு கோடு இழுத்தார். இனி நட்டு துளி திரும்பினாலும் கோடு விலகிக் காட்டிவிடும். கப்பலில் அப்படித்தான் செய்வார்களாம்.

குழு கூட இரண்டு மணி நேரம் இருந்தது. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். "வெறும் டீசலையே ஊத்துங்க பாய்" என்றேன். எஞ்சினைச் சூடாக விட்டோம். திரையில் எண்கள் வந்தன. கலவையில் வந்தவற்றுக்கும் இவற்றுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. என் எண்ணெய் எதையும் சாதிக்கவில்லை. ஒரு வருஷ உழைப்பு போயிற்று, அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நடந்ததைக் குழுவிடம் சொன்னேன். நெறியாளரின் முகம் சிவந்தது. "யாரு முடுக்கினது?" கதவோரம் நின்ற பாய் வாயைத் திறந்தார். அவர் பேசுவதற்குள், "நான்தான் சார் முடுக்கச் சொன்னேன்" என்றேன்.

எல்லாவற்றையும் மறுபடி செய்ய இன்னொரு வருஷம் ஆனது. பாய் வேலையில் இருந்தார். ஆய்வேடு பைண்டிங் ஆகி வந்த அன்று ஒரு பக்கத்தைப் பிரித்து அவருக்குப் படித்துக் காட்டினேன்: 'ஆய்வாளர் சொன்னபடி அடி போல்ட்டுகள் இறுக்கப்பட்டன.'

"எப்பம்மா சொன்னீங்க?" என்று சிரித்தவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த எஞ்சினைக் கழற்றியபோது நட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கோட்டின் மீதிப் பாதி அடித்தட்டோடு போய்விட்டது. நட்டின் அடியில் இருக்கும் ஆய்வேட்டில் எண்கள் அத்தனையும் உண்மை. பொய் அந்த ஒரு வரிதான்.